குளுட்-1: குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு கடத்துபுரதம்

ஆய்வுச் சுருக்கம்

மனிதச் செல்கள் குளுக்கோசை உள்வாங்கத் துணைசெய்யும் புரதங்களுள் ஒன்று குளுட்-1. இப்புரதத்தின் அமைப்பையும் செயல்முறையையும், அதன் குறைபாட்டால் குழந்தைகளுக்கு ஏற்படும் நோயையும் இக்கட்டுரை விளக்குகிறது. குருதியில் குளுக்கோசு போதிய அளவில் இருப்பினும் மூளைக்கு அது போதாமல் போகக்கூடும் என்பதை இந்நோயின்வழி எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குளுட்-1, செல் சவ்வு, குருதி-மூளைத் தடுப்பு, வலிப்பு, கீட்டோன் உணவுமுறை.

முன்னுரை

குளுக்கோசு நீரில் கரையும் தன்மையது. செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வோ கொழுப்புப் படலத்தால் ஆனது. ஆகவே, குருதியில் எவ்வளவு குளுக்கோசு இருந்தாலும், செல்லின் தேவைக்கு ஏற்ற விரைவில் அது தானாக உட்புக இயலாது. இதற்கெனச் சவ்வில் பதிந்துள்ள கடத்துபுரதங்கள் தேவைப்படுகின்றன. மனித உடலில் குளுட் குடும்பத்தைச் சேர்ந்த 14 புரதங்கள் அறியப்பட்டுள்ளன. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள குளுட்-4, இன்சுலினின் தூண்டுதலால் சவ்வுக்கு வந்து சேர்கிறது. குளுட்-1 அவ்வாறன்று, இன்சுலினை எதிர்பாராமல் எப்போதும் சவ்விலேயே நின்று செயல்படுகிறது.

அமைப்பும் செயல்முறையும்

1985ஆம் ஆண்டு மைக் முக்லரும் உடன் ஆய்வாளர்களும் இப்புரதத்தின் அமினோ அமில வரிசையை வெளியிட்டனர். 492 அமினோ அமிலங்களாலான இச்சங்கிலி சவ்வை 12 முறை ஊடுருவிச் செல்கிறது என அவர்கள் கணித்தனர். 2014இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் நியெங் யான் தலைமையிலான குழு, ஊடுகதிர்ப் படிகவியல் முறையில் இதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்து, அக்கணிப்பை உறுதிசெய்தது.

இப்புரதம் இரு பக்கமும் ஒருசேரத் திறந்த குழாய் அன்று. முதலில் அது செல்லின் வெளிப்பக்கம் திறந்து குளுக்கோசை ஏற்கிறது. பின்னர் அப்பக்கம் மூடி, உட்பக்கம் திறந்து அதனை விடுவிக்கிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே குளுக்கோசு செல்வதால் இதற்குத் தனியே ஆற்றல் தேவையில்லை. ஆயினும், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் புரதம் ஒருமுறை வடிவம் மாறியாக வேண்டும். எனவே, கடத்தலின் விரைவு குளுக்கோசின் செறிவை மட்டுமன்றிப் புரதங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது.

மூளையின் சார்பு

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வுநிலையில் உடல் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெறுகிறது. அதன் முதன்மை எரிபொருள் குளுக்கோசு. மூளை நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இணைந்து குருதி-மூளைத் தடுப்பாக அமைந்துள்ளன. இத்தடுப்பைக் குளுக்கோசு கடப்பதற்குக் குளுட்-1 இன்றியமையாதது. பிற உறுப்புகள் பலவற்றில் வேறு கடத்திகளும் இருப்பதால், இப்புரதம் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவது மூளையே.

குறைபாட்டு நோய்

1991இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டேரில் டி விவோவும் உடன் ஆய்வாளர்களும் வலிப்பு நோயுற்ற இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். அவர்களின் குருதிக் குளுக்கோசு இயல்பாக இருந்தது; மூளைத் தண்டுவட நீர்மத்தில் மட்டும் அது குறைந்திருந்தது. இப்புரதத்திற்குரிய மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதுபடுவதே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பலரிடம் இப்பழுது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றுகிறது.

இயல்பாகத் தண்டுவட நீர்மத்தின் குளுக்கோசு குருதியிலுள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இருக்கும். இந்நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் அது பாதிக்கும் கீழே இறங்குகிறது. நுண்ணுயிரித் தொற்றால் வரும் மூளை உறை அழற்சியிலும் இவ்வளவு குறைவது உண்டு. ஆனால் அங்கு வெள்ளணுக்களும் லாக்டேட்டும் மிகுந்திருக்கும். இங்கு அவை மிகுவதில்லை. சிவப்பணுக்களின் சவ்விலும் இதே புரதம் நிறைந்திருப்பதால், அவை குளுக்கோசை ஏற்கும் விரைவை அளந்தும் குறைபாட்டை அறியலாம். பல நோயாளிகளிடம் அவ்விரைவு இயல்பில் ஏறத்தாழப் பாதியாக உள்ளது.

மருத்துவத்தின் அடிப்படை

கொழுப்பு மிகுந்தும் மாவுச்சத்து மிகக் குறைந்தும் உள்ள கீட்டோன் உணவுமுறை, 1921 முதல் வலிப்பு நோய்க்குப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. குளுட்-1 குறைபாட்டில் இதன் பயன் தெளிவான காரணம் உடையது. கல்லீரல் கொழுப்பிலிருந்து ஆக்கும் கீட்டோன் பொருள்கள் வேறொரு கடத்தியின் வழியாக மூளையை அடைந்து எரிபொருளாகின்றன. அடைபட்ட வழியைத் திறக்க முயலாமல் மாற்று வழியில் உணவளிப்பதே இம்மருத்துவத்தின் அடிப்படை. இதனால் பல குழந்தைகளின் வலிப்பு கட்டுப்படுகிறது. மாறாக, வலிப்புக்கு வழங்கப்படும் பீனோபார்பிட்டால் இப்புரதத்தின் செயலைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. நோயை அறியாது தரும் மருந்தே குறையை மிகுவிக்கக்கூடும் என்பதால் காரணத்தை முன்னரே அறிவது இன்றியமையாததாகிறது.

முடிவுரை

குருதியில் அளவிடப்படும் குளுக்கோசு, செல்லின் வாயில்வரை வந்துள்ள எரிபொருளின் அளவையே காட்டுகிறது. செல்லுக்குள் சென்றதன் அளவை அன்று. காரணம் அறியப்படாத வலிப்பும் வளர்ச்சித் தடையும் உள்ள குழந்தையிடம், குருதிக் குளுக்கோசு இயல்பாக இருப்பதைக் கொண்டு மட்டும் மூளைக்கு எரிபொருள் போதுமெனக் கருதலாகாது. குருதியிலும் தண்டுவட நீர்மத்திலும் ஒரே வேளையில் குளுக்கோசை அளந்து ஒப்பிடுவது, மரபணுச் சோதனைக்கு வழிகாட்டும் எளிய முதற்படியாகும். வளரும் மூளைக்கு உரிய காலத்தில் மாற்று எரிபொருள் கிடைப்பது இந்த ஒப்பீட்டைச் சார்ந்துள்ளது.