கார்க் கண்ணாடி ஏறாதபோது

பெங்களூரில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஜோகுபாளையம் போன்ற குறுகிய தெருக்கள் மிகுந்த பகுதியில், வீட்டு வாயிலை ஒட்டித் திறந்தவெளியில் நிற்கும் காரின் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால், அன்றிரவே இருக்கைகள் நனைந்துபோகும். அந்த அவசரத்தில், "மோட்டார் போய்விட்டது" என்று யாரேனும் சொல்லக் கேட்டு, உடையவர் புதிய மோட்டாருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். மோட்டாரை மாற்றிய பின்னரும் கண்ணாடி அசையாதபோதுதான் கோளாறு வேறிடத்தில் இருப்பது விளங்குகிறது. கதவைப் பிரிக்கு முன்னரே பழுது இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம் என்பதையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

மின்விசையால் ஏறியிறங்கும் கண்ணாடியை அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் தனது 1941-ஆம் ஆண்டு மாதிரியிலேயே அமைத்தது. நம் நாட்டிலோ நெடுங்காலம் அம்பாஸடரின் கைப்பிடியைச் சுற்றித்தான் கண்ணாடியை ஏற்றினோம். கைப்பிடி இறுகினாலும் வெறுமனே சுழன்றாலும் காரணத்தைக் கையே உணர்ந்துவிடும். பொத்தானை அழுத்தும் விரலுக்கு அந்த அறிவு கிட்டுவதில்லை. ஆகவே செவியைத் துணைகொள்ள வேண்டியிருக்கிறது.

கதவினுள் 12 வோல்ட்டில் இயங்கும் சிறு மோட்டார் ஒன்று உண்டு. மின்னோட்டத்தின் திசை மாறினால் அது எதிர்ப்புறமாகச் சுழலும். ஏற்றமும் இறக்கமும் இவ்வாறே நிகழ்கின்றன. மோட்டாரின் தண்டிலுள்ள திருகு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் பல்சக்கரத்தால் திருகைச் சுழற்ற இயலாது. கண்ணாடியைக் கையால் அமுக்கி இறக்க முடியாமைக்கு இதுவே காரணம். பல்சக்கரத்தின் விசையைக் கண்ணாடிக்குக் கொண்டுசெல்வது, கத்தரிபோல் மடங்கும் கைகளோ, கப்பிகளின்மீது ஓடும் எஃகுக் கம்பியோ கொண்ட ஓர் அமைப்பு. அகராதியில் இதற்கு என்ன சொல் அமைத்தாலும், பட்டறையில் 'ரெகுலேட்டர்' என்று கேட்டால்தான் பொருள் கைக்கு வரும்.

இனிச் சோதனைக்கு வருவோம். எல்லாக் கண்ணாடிகளும் ஒருசேர நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாமே நின்றிருந்தால் பியூஸ், ரிலே, அல்லது ஓட்டுநர் கதவிலுள்ள தலைமைப் பொத்தான் தொகுதி ஆகியவற்றின்மேல் ஐயம் கொள்ளலாம். பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே இட வேண்டும். அவ்விடத்தில் கம்பித் துண்டைச் செருகுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒன்று மட்டும் நின்றிருந்தால், அக்கதவின் பொத்தானாலும் ஓட்டுநர் பக்கத்துப் பொத்தானாலும் தனித்தனியே இயக்கிப் பார்க்கலாம். ஒன்றுக்கு இணங்கி மற்றொன்றுக்கு இணங்காவிடில் மோட்டார் குற்றமற்றது. இரண்டுக்குமே அசையாவிடில், இரவில் காரின் உள்விளக்கை ஏற்றிவைத்துப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு சற்றே மங்கினால் மின்சாரம் மோட்டாரை எட்டுகிறது, ஏதோ ஒன்று இறுகிக் கிடக்கிறது என்று கொள்ளலாம். சிறிதும் மங்காவிடில் பெரும்பாலும் மின்சாரத்தின் வழியில் எங்கோ அறுபட்டிருக்கிறது. மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிடில், ரெகுலேட்டரின் கம்பி அறுந்தது, அல்லது கண்ணாடியைப் பற்றியிருக்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்தது எனலாம்.

பலரும் மறந்துவிடும் இடம் ஒன்றுண்டு. கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே ரப்பர் உறைக்குள் செல்லும் கம்பிகள், கதவு திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்ல, மேலுறை நன்றாயிருக்கவே உள்ளிருக்கும் செம்பு முறிந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தியபடியே கதவை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள்; ஏதேனும் ஒரு நிலையில் கண்ணாடி அசைந்தால் திருடன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

கண்ணாடி முனகிக்கொண்டு மெதுவாக ஏறினால், அதன் ஓரங்கள் செல்லும் ரப்பர்த் தடத்தில் புழுதி படிந்திருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்துச் சிலிக்கோன் தெளிப்பு இட்டால் போதும்; எண்ணெயும் கிரீஸும் புழுதியை மேலும் ஈர்க்கும்.

கதவைப் பிரிக்க நேர்ந்தால் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. மோட்டாரை எடுக்கு முன் கண்ணாடியை மேலே ஏற்றி, வலுவான ஒட்டுநாடாவால் சட்டத்தோடு பிணைத்துவிட வேண்டும். இல்லையேல் அது கதவினுள் விழும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை அலட்சியமாகக் கிழித்தெறிவது நம் பட்டறைகளில் காணும் தீய வழக்கம். கண்ணாடி வழியே கதவினுள் வடியும் மழைநீரைக் காருக்குள் வராமல் தடுப்பது அத்தாள்தான். அதை முன்போலவே ஒட்டச் சொல்லி, அருகிலிருந்து பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்தபின், ஒருமுறை தொட்டால் தானே மூடும் கண்ணாடிக்கு அதன் எல்லையை மீண்டும் 'கற்பிக்க' வேண்டியிருக்கும். பல வண்டிகளில், கண்ணாடி முழுதும் ஏறியபின் பொத்தானைச் சில நொடிகள் விடாது பிடித்திருந்தால் போதும். முறை வண்டிக்கு வண்டி மாறும். இதைச் செய்யாவிடில், இடையில் தடைபட்டால் திரும்ப இறங்கும் காப்பு இயங்காமற் போகலாம். குழந்தையின் கையோ கழுத்தோ அகப்படும் ஆபத்து இங்கேதான் உள்ளது. காப்பில்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் பின்கதவுப் பொத்தான்களை ஓட்டுநர் பூட்டியே வைப்பது நன்று.

2023-ஆம் ஆண்டு மே 21 அன்று, பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைவெள்ளத்தில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அத்துயரத்துக்குக் கண்ணாடிப் பழுது காரணம் என்று நான் கூறவில்லை. எனினும், வெள்ளம் கண்ணாடியின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டால் நீரின் அழுத்தம் கதவையும் கண்ணாடியையும் இறுக்கிவிடும். நனைந்த மின்விசையையும் நம்ப முடியாது. நீர் புகத் தொடங்கிய கணமே கண்ணாடியை இறக்கி வெளியேற வேண்டும். இறங்காவிடில் பக்கக் கண்ணாடியின் மூலையைக் கூர்முனைச் சுத்தியலால் தட்டி உடைக்கலாம்; முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாதலால் எளிதில் உடையாது. அச்சுத்தியல் இருக்க வேண்டிய இடம் பின்பக்கத்து டிக்கி அன்று, ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரம்.