புத்தகம் இல்லாத வாகனமும் வாகனம் இல்லாத புத்தகமும்

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பகுதியைச் சேர்ந்த மூன்று விவசாயக் குடும்பங்கள், 2019 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு சிறிய லொறி வாங்குவதெனத் தீர்மானித்து எம்மையும் உடன் வருமாறு கேட்டன. எமக்குச் சிங்களம் பேச வரும் என்பதே அதற்கு முதற் காரணம். வாகனங்களைப் பற்றி எமக்கு எதுவுமே தெரியாது என்பதை நாம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இம்மூன்று குடும்பங்களும் 2007 இன் பிற்பகுதியில் ஊரை விட்டு எழும்பியவர்கள். வெள்ளாங்குளம், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்து, ஈற்றில் முள்ளிவாய்க்கால் வரை சென்று, மெனிக் பாம் முகாமில் கிடந்து, பின்னர் ஊர் திரும்பியவர்கள். திரும்பி வந்தபோது வயலில் பற்றை, கிணற்றில் குப்பை. அதையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கி, பெரும்போகத்தில் நெல்லும், கிணற்றை அண்டிய மேட்டுக் காணியில் கத்தரி, வெண்டி, மிளகாயும் செய்யத் தொடங்கி அப்போது எட்டு வருடங்கள் கடந்திருந்தன. விளைச்சலில் குறையில்லை. விற்பதிலேதான் குறை. வாசலுக்கு வரும் வியாபாரி கிலோ 30 ரூபாவுக்கு எடுத்த கத்தரிக்காய், அதே நாள் மன்னார்ச் சந்தையில் 70 ரூபாவுக்கு விலைப்பட்டதை அவர்களுள் ஒரு பெண்மணி தன் கண்ணால் கண்டு வந்தார். வாடகைக்கு வாகனம் பிடித்தால் இலாபம் வாடகையோடு போய்விடும். சொந்தமாக ஒரு 'பட்டா' இருந்தால் என்ன என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது.

பட்டா என்று எங்கள் மக்கள் சொல்வது, டாட்டா ஏஸ் என்னும் சிறிய நான்கு சில்லு லொறியையே. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், இருக்கைக்குக் கீழே கிடக்கும். முக்கால் தொன் அளவு பாரம் ஏற்றலாம். ஊர் ஒழுங்கைக்குள்ளும் நுழையும், பிரதான வீதியிலும் ஓடும். தோட்டக்காரருக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

நெல் விற்ற காசு மூன்று இலட்சம், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடன் மூன்று இலட்சம், பெண்களின் நகையை அடைவு வைத்துப் பெற்றது இரண்டு இலட்சம்: எட்டு இலட்சம் சேர்ந்தது. வவுனியாவில் விசாரித்தோம். சுமாரானவை எல்லாம் எட்டரைக்கு மேலேயே நின்றன. ஒரு சிங்களப் பத்திரிகையின் ஞாயிறு விளம்பரத்தில் குருநாகல் பக்கத்து வாகனம் ஒன்று ஆறு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று கண்டோம். அதை வாசித்துக் காட்டியவர் நாமே. கைத்தொலைபேசியில் தரகரோடு பேசியவரும் நாமே. வேறு ஆட்களும் கேட்கிறார்கள், பதினைந்தாயிரம் முற்பணம் போட்டால் நிறுத்தி வைப்பேன் என்றார் அவர். போட்டோம்.

முருங்கனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினோம். நாம், மூன்று குடும்பங்களின் சார்பில் இரண்டு இளைஞர்கள், ஒரு பெரியவர், மொத்தம் நால்வர். இளைஞருள் ஒருவர் சாரதி, கராஜ் ஒன்றில் சில காலம் வேலை பழகியவர். மதவாச்சி, அநுராதபுரம், பாதெனிய வழியாகக் குருநாகல் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். இரண்டு இடங்களில் பஸ் மாற வேண்டும். காசை யாரும் மடியில் கட்டிக்கொண்டு வரவில்லை. அது வங்கிக் கணக்கில் இருந்தது. கையில் செலவுக்கான காசு மாத்திரம். இது பெரியவரின் ஏற்பாடு.

பெரியவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரிடம் முன்னர் ஒரு மசி பேர்குசன் 35 உழவு இயந்திரம் இருந்தது. 1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்த பின், டீசல் கிடையாத நாட்களில் மண்ணெண்ணெயோடு எஞ்சின் ஒயில் கலந்து ஊற்றி அதை உழவுக்கு விட்டவர். யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஒரு துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. வாசகர்களுள் பலருக்கு அந்தப் புகை மணம் இன்னமும் மூக்கில் நிற்கும். 2007 இல் அவரது பெட்டியில்தான் நான்கு குடும்பங்களின் நெல்மூட்டையும், கோழியும், பிள்ளைகளும் ஏறின. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அதை விட்டுவிட்டு நடந்தார். கையில் எடுத்தது ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதி, அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உழவு இயந்திரத்தின் புத்தகம். பின்னர் வாகனங்களைக் குவித்து வைத்திருந்த இடங்களுக்குப் பல தடவை போய்த் தேடியும் அவருடையது அகப்படவில்லை. "புத்தகம் இருக்கு சுவாமி, வண்டிதான் இல்லை" என்று பஸ்ஸில் எம்மிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குருநாகல் பஸ் நிலையத்தில் தரகர் காத்திருந்தார். நல்ல பேச்சுக்காரர், எமக்குத் தேநீரும் வாங்கித் தந்தார். ஊர்ப்புற வீடொன்றின் முன்னால் வாகனம் நின்றது. புதுப் பெயின்ற், புது ரயர், கண்ணாடி போல மினுக்கம். இளைஞர் இருவருக்கும் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. எமக்கும் பிடித்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. சாரதித் தம்பி எஞ்சினில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடாக் கிடக்கு, எங்களுக்கு முன்னமே ஸ்ரார்ட் பண்ணியிருக்கினம்" என்றார். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதைப் பார்க்க விடாமல் செய்வதற்காகச் சிலர் இப்படிச் செய்வதுண்டாம். அதையும் நாம் பெரிதாக எடுக்கவில்லை.

பெரியவர் வாகனத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. விறாந்தையில் இருந்துகொண்டு, "புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கோ சுவாமி" என்றார். தரகர் ஒரு போட்டோப் பிரதியைக் கொண்டு வந்தார். மூலப் புத்தகம் கொழும்பில், இரண்டு கிழமையில் வரும், அதுவரை உரிமை மாற்றப் படிவத்தில் ஒப்பம் வைத்துத் தருகிறோம், வாகனத்தை இன்றே கொண்டு போகலாம் என்றார். நாம் அதைத் தமிழில் சொன்னபோது இளைஞர்கள் சம்மதித்துத் தலையாட்டினர்.

பிரதியைப் பெரியவர் வாங்கி வாசித்தார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதிவு உரிமையாளரின் பெயர் ஓர் இடத்திலும், 'முழு உரிமையாளர்' என்பது வேறோர் இடத்திலும் இருக்கும். லீசிங்கில் எடுத்த வாகனமாயின் இந்த இரண்டாவது இடத்தில் கடன் கொடுத்த நிதிக் கம்பனியின் பெயர் நிற்கும். கடன் முழுவதையும் கட்டித் தீர்த்து, கம்பனி தன் பெயரை நீக்கிக் கொடுத்தாலன்றி அவ்வாகனத்தைச் சட்டப்படி உங்கள் பெயருக்கு மாற்ற இயலாது. தவணை தவறினால் கம்பனியின் ஆட்கள் வந்து, வீதியில் வைத்தே வாகனத்தை எடுத்துச் செல்வார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுடைய உடன்படிக்கை முந்தியவரோடுதான். எமக்குக் காட்டிய பிரதியில் அவ்விடத்தில் ஒரு கம்பனியின் பெயர் இருந்தது. ஆறு தொண்ணூறு என்ற விலையின் இரகசியம் அதுதான்.

வீட்டு முற்றத்திலேயே வாக்குவாதம் தொடங்கியது. இளைஞருள் ஒருவர், "எல்லாரும் இப்பிடித்தானே வாங்கி ஓடினம். வவுனியாவிலை எத்தினை பேர்! புத்தகம் பிறகு வரும் பெரியப்பா" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒப்பமிட்ட வெறும் படிவத்தோடு கைமாறிக் கைமாறி ஓடும் வாகனங்கள் நாடெங்கும் உண்டு. அவர் தாயின் தாலிக்கொடி அடைவுக் கடையில் கிடந்தது. வெறுங்கையோடு ஊருக்குப் போக அவருக்கு மனமில்லை. பெரியவர் சத்தம் போடவில்லை. "என்னட்டை வண்டி இல்லாத புத்தகம் ஒண்டு இருக்குது தம்பி. நீ புத்தகம் இல்லாத வண்டி வாங்கப் போறாய். ரெண்டையும் சேர்த்து ஓட ஏலுமெண்டால் வாங்கு" என்றார். பிறகு ஒருவரும் பேசவில்லை.

முற்பணத்தைத் திருப்பிக் கேட்டோம். தரகர் அதுவரை பேசிய இனிமையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. பதினைந்தாயிரம் போனது போனதுதான். அது எமது அவசரத்தால் போன காசு என்று பின்னர் மூன்று குடும்பங்களிடமும் நேரில் சொன்னோம். அதைக் கட்டித் தருவதாகவும் சொன்னோம். அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள்.

அன்று இரவு குருநாகலில் எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் தங்கினோம். இரவுச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. அவ்வில்லத்துக்கு விறகும் தேங்காயும் கொண்டு வரும் ஒருவர், தமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் தமது பட்டாவை விற்க இருப்பதாகக் காலையில் சொன்னார். நம்பிக்கையின்றித்தான் போனோம்.

இந்த வாகனத்தில் மினுக்கம் ஏதும் இல்லை. பின்பெட்டியில் தேங்காய் இறக்கிய வடுக்கள், ஒரு பக்கம் நசுங்கல். ஆனால் எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. ஒரே அடியில் பற்றியது. தம்பி அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. பாரமில்லாமலே கறுப்பாகக் கக்கினால் டீசல் சரியாக எரியவில்லை. ஒயில் கோலை இழுத்துப் பார்த்தார். பால் தேநீர் நிறம் இல்லை. பிறகு பாயொன்றை விரித்து வாகனத்துக்குக் கீழே படுத்தார். சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் மீன் ஏற்றிய வாகனங்களுக்கு உப்புத் தண்ணீர் வடிந்து சேசிஸ் உக்கிப் போயிருக்கும். மேலே பெயின்ற் அடித்தால் தெரியாது. இது தேங்காயும் வைக்கோலும் மட்டுமே கண்ட வாகனம். சேசிஸில் பொறித்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமிட்டு வாசித்தார். பெரியவர் புத்தகத்தில் விரல் வைத்து ஒப்பிட்டார். மூலப் புத்தகம்தான், முழு உரிமையாளர் என்ற இடத்தில் எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை.

அதன் பின்னும் பெரியவர் விடவில்லை. புத்தகம் சரி, திணைக்களத்தின் பதிவேடும் அதையே சொல்கிறதா என்று கேட்டார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தினால் ஒரு வாகனத்தின் பதிவு விபரங்களைப் பெறலாம். கொழும்பில் எமது நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, நாரஹேன்பிட்டிக்குப் போகச் சொன்னோம். அதற்காக இன்னொரு நாள் நிற்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "நானும் இப்படித்தான் பார்த்து வாங்கினேன்" என்று சொல்லி எங்களை மதியச் சாப்பாட்டுக்கு மறித்துவிட்டார். அவருக்கும் பெரியவருக்கும் பொது மொழி இல்லை. ஆனாலும் இருவரும் பட்டாவின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசினார்கள். நாம் மொழிபெயர்க்க எழுந்தோம். வேண்டாம் என்று இருவருமே கைகாட்டிவிட்டார்கள்.

விலை ஏழு இலட்சத்து அறுபதாயிரத்தில் நின்றது. வங்கிக்கு இருவரும் ஒன்றாகவே போய், அங்கு வைத்தே காசை அவரது கணக்குக்கு மாற்றி, அங்கு வைத்தே புத்தகம், உரிமை மாற்றப் படிவம், வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் அனைத்தையும் வாங்கிக்கொண்டோம். மிஞ்சிய இருபத்தையாயிரத்தில் காப்புறுதியும், பெயர் மாற்றச் செலவும், டீசலும் ஒருவாறு அடங்கின. யார் பெயரில் பதிவது என்பதில் சிறு முறுகல் வந்தது. பெரியவரின் மனைவியின் பெயரில் பதிவதென்றும், மூன்று குடும்பங்களின் பங்கையும் எழுதிச் சமாதான நீதவானின் முன் ஒப்பமிடுவதென்றும் முடிவாயிற்று. திரும்பி வரும்போது முன்னிருக்கையில் இருவர்தான் இருக்கலாம். மற்ற இளைஞரும் நாமும் பஸ்ஸில் வந்தோம்.

அதன் பின்னர் எல்லாம் சுகமாக நடந்ததென்று எழுத இயலாது. முதல் வருடம் வாகனம் எந்த நாள் யாருக்கு என்பதில் மனஸ்தாபம் வந்து, கொப்பி போட்டு எழுதத் தொடங்கிய பிறகே அடங்கியது. 2020 பங்குனியில் கொரோனாவும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்து வர, அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய வாகனங்களின் விலை ஏறத் தொடங்கியது. 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். ஆடி மாதத்தில் கியூஆர் முறை வந்த பிறகே பங்கீட்டளவிலாவது கிடைத்தது. அவ்வருடம் ஒருவர் ஊருக்கே வந்து பதினைந்து இலட்சத்துக்கு மேல் தருவதாகக் கேட்டார். ஒரு குடும்பத்துக்கு மகளின் திருமணம், விற்போம் என்றது. அது நியாயமான கேள்வி. மற்ற இரு குடும்பங்களும் விற்காமல், அன்றைய விலைக்கு அவர்களது பங்கைக் கணித்து, இரண்டு போகங்களில் அக்காசைக் கட்டி முடித்தன. கட்டி முடிக்கும்வரை அவ்விரு வீடுகளிலும் பட்ட நெருக்கடி எமக்குத் தெரியும்.

2025 மாசியிலிருந்து தனியார் வாகன இறக்குமதிக்கும் மீண்டும் அனுமதி வந்துள்ளது. எனவே உங்களுள் சிலர் இப்போது வாகனம் பார்க்கத் தூர இடங்களுக்குப் போகக்கூடும். போகுமுன் எம்மிடம் கேட்க வேண்டாம்; அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இப்போது ஊரிலேயே சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறார்.

பட்டாவின் புத்தகம் பெரியவரின் வீட்டு அலுமாரியில், அந்தப் பழைய பொலித்தீன் பைக்குள் கிடக்கிறது. வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அவரது மனைவி அதை வெளியே எடுப்பார். உழவு இயந்திரத்தின் புத்தகம் மேலே இருப்பதால், முதலில் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் இதை எடுக்க வேண்டும்.