கழகம் என்னும் சொல்லும் இரு பள்ளி முற்றங்களும்

சொற்களுக்கும் மனிதரைப் போலவே உயர்வும் தாழ்வும் உண்டு. 'கழகம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். திருவள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்திலே சூதாடும் களத்தைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். கம்பரோ இளைஞர் கலை பயிலும் இடத்துக்கு இதனையே வழங்கினார். கைப்பொருளைத் தோற்கும் இடத்துக்கும் அறிவுப் பொருளை ஈட்டும் இடத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது வியப்பன்றோ! இன்று அச்சொல் விளையாட்டுச் சங்கங்களுக்கு உரியதாகி, நம் ஊர்கள்தோறும் பெயர்ப்பலகைகளில் விளங்குகின்றது. அங்ஙனமாயின், விளையாட்டுக் கழகம் என்பது இவ்விரு பழம்பொருள்களுள் எதன் பக்கம் சாய்வது? சூதின் பக்கமா, கல்வியின் பக்கமா?

இவ்வினாவுக்கு விடை காண இரு பள்ளி முற்றங்களின் வரலாறு நமக்குத் துணைபுரியும். ஒன்று துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் உள்ளது. மற்றது நம் கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், மட்டக்களப்பில் உள்ளது. வியப்பு யாதெனில், இரண்டும் 1873ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பள்ளிகள். சமயத்தால் வேறு, மொழியால் வேறு; எனினும் இரண்டின் முற்றத்திலும் ஒரே விளையாட்டு வேரூன்றியது. அதுவே கூடைப்பந்து.

ஆசிரியர் கண்ட ஆட்டம்

கூடைப்பந்து என்னும் தமிழ்ப்பெயர் அவ்விளையாட்டின் பிறப்பையே உணர்த்தும் காரணப்பெயர். 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் கிறித்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியொன்றிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டவர் ஆசிரியராயிருந்தார். கடுங்குளிர் காலம், வெளியே சென்று விளையாட வழியில்லை. மண்டபத்துள் அடைபட்ட மாணவரோ பொறுமை இழந்திருந்தனர். அவர்களை ஆற்றுப்படுத்த அவர் ஓர் உபாயம் கண்டார். பழக்கூடைகள் இரண்டினை மேல்மாடத்தின் விளிம்பில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் பொருத்தினார். பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பதினெண்மர் மாணவரை ஒன்பதின்மராகப் பிரித்து ஆடவிட்டார். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாகாது. எதிராளியை இடித்துத் தள்ளலாகாது என்பன அவ்விதிகளுட் சில. கூடையின் அடி மூடியிருந்தமையால், பந்து உள்ளே வீழ்ந்ததும் ஒருவர் ஏறி அதனை எடுத்துத் தரவேண்டியிருந்தது.

பின்னர்க் கூடை போய் இரும்பு வளையம் வந்தது. ஒன்பதின்மர் ஐவராயினர். 1936இல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் விழாவிலும் அவ்வாட்டம் இடம்பெற்றது. ஆயினும் அந்தப் பத்தடி உயரம் மட்டும் இன்றுவரை மாறவில்லை. பொருள் ஈட்டுவதற்கென்று எவரும் இதனைத் தோற்றுவிக்கவில்லை. வகுப்பின் இடர் தீர்க்க ஆசிரியர் ஒருவர் கண்ட வழியே இது. ஆகலின் இவ்வாட்டம் பிறப்பால் பள்ளிப்பிள்ளை என்பது தெளிவு.

இது கடல் கடந்து சென்றதும் ஆசிரியர் கைப்பிடித்தே. துருக்கியில் முதன்முதல் இது 1904ஆம் ஆண்டில், அமெரிக்கர் இஸ்தான்புல்லில் நடத்திவந்த றொபேட் கல்லூரியில் ஆடப்பெற்றது. 1911இல் அகமது றொபன்சன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் அந்நகரின் கலாத்தாசராய்ப் பள்ளியில் இதனைக் கற்பிக்கலானார். இன்று உலகறிந்த கலாத்தாசராய் விளையாட்டுக் கழகமும் 1905இல் அப்பள்ளி மாணவர் நிறுவியதே.

பரிவின் இல்லம்

துருக்கி என்றதும் நம் கரையோர மக்களுக்குத் துருக்கித் தொப்பி நினைவுக்கு வரும். 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை விதிக்கப்பட்டபோது, இலங்கை முஸ்லிம்கள் திரண்டெழுந்து உரிமை கோரியமை வரலாறு. தொப்பியை அறிந்த அளவுக்கு அந்நாட்டுப் பள்ளிகளை நாம் அறிந்திலோம். அறியவேண்டிய பள்ளியொன்று உண்டு. அதன் பெயர் 'தாருஷ்ஷஃபக்கா'. தார் என்பது இல்லம். ஷஃபக்கத் என்பது பரிவு. பரிவின் இல்லம் என்பது அதன் பொருள்.

1863ஆம் ஆண்டில், உதுமானியப் பேரரசின் அலுவலர் சிலர், யூசுப் சியா பாஷா முதலானோர், இசுலாமியக் கல்விச் சங்கம் ஒன்றினை நிறுவினர். இஸ்தான்புல்லின் மூடுகடைத் தெருவில் எடுபிடி வேலை செய்த ஏழைச் சிறுவர்க்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பதே அதன் முதற்பணி. பத்தாண்டு கழிந்து, 1873இல், தந்தையை இழந்த முஸ்லிம் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளியாக அப்பணி விரிந்தது. நம் ஊரார் 'யத்தீம்கானா' என்பரே, அத்தகைய ஆதரவும் அதனினும் மேலான கல்வியும் அங்கே ஒருங்கே கிடைத்தன. உணவும் உறையுளும் நூலும் ஊதியம் இன்றியே வழங்கப்பெற்றன. துருக்கியின் புகழ்பெற்ற கணிதப் பேரறிஞர் சாலிஹ் செக்கி அப்பள்ளி ஈன்ற மாணவரே. 1971இல் பெண்பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்தது.

இப்பள்ளியின் பெயரால் 1914இல் விளையாட்டுக் கழகம் தோன்றியது; 1951இல் அதன் கூடைப்பந்துப் பிரிவு அமைந்தது. பச்சையும் கறுப்பும் அதன் வண்ணங்கள். பத்தே ஆண்டுகளில், 1961இலும் 1962இலும், துருக்கி நாட்டு வாகையர் பட்டத்தை அக்கழகம் அடுத்தடுத்து வென்றது. தந்தையற்ற பிள்ளைகளின் பள்ளிப்பெயரைத் தாங்கிய அணி நாட்டின் முதலணியாக நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்!

காலம் மாறியது. 1966இல் தேசிய அளவிலான தொடர் தொடங்கியது. காற்பந்தாட்டத்தால் பெருந்திரள் ரசிகரைப் பெற்றிருந்த ஃபெனர்பாச்சே, கலாத்தாசராய் போன்ற கழகங்களும், 1976இல் மதுபான நிறுவனமொன்றின் பெயரோடு எழுந்த எஃபெஸ் கழகமும் களத்தை ஆளலாயின. ஆட்டக்காரர் ஊதியத்துக்கு ஆடும் தொழிலாளராயினர். பரிவின் இல்லத்துக்குப் பரிவு இருந்தது; பணம் இல்லை. கழகம் கீழ்த்தரத் தொடர்களுக்கு இறங்கியது.

பணம் வந்தது, போனது

2013இல் தோஉஷ் என்னும் பெருவணிகக் குழுமம் அக்கழகத்துக்குக் கைகொடுத்தது. கழகத்தின் பெயரோடு குழுமத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே அணி முதற்றரத் தொடருக்கு ஏறியது. 2015இல் ஐரோப்பாவின் தலையாய தொடரிலும் அடியெடுத்து வைத்தது. 2016இல், அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றினை முந்திய ஆண்டு இறுதிப் போட்டிவரை நடத்திச் சென்ற டேவிட் பிளாட் பயிற்றுநராய் வந்தார். 2018 ஏப்ரலில், உருசிய நாட்டின் லொக்கொமொத்திவ் கூபான் அணியை இறுதிப் போட்டியின் இரு ஆட்டங்களிலும் வீழ்த்தி, ஐரோப்பிய அளவிலான இரண்டாம் தரக் கோப்பையை அணி கைக்கொண்டது. பள்ளியின் வரலாற்றிலே இத்தகைய வெற்றி முன்னர் நிகழ்ந்ததில்லை.

அதே ஆண்டு குழுமம் விலகிக்கொண்டது. பயிற்றுநர் கிரேக்க நாட்டுக் கழகமொன்றுக்குச் சென்றார். முதன்மை ஆட்டக்காரர் இசுரேல் நாட்டுக்குச் சென்றார். வேறொரு நிறுவனத்தின் துணையோடு அடுத்த பருவத்தில் தலையாய தொடரில் ஆடிய அணி, 30 ஆட்டங்களுள் இரண்டில் மட்டுமே வென்று, 16 அணிகளுள் இறுதி இடத்தைப் பெற்றது. ஓராண்டுக்குள் சிகரமும் பள்ளமும்!

பணம் தந்தோரைப் பழிப்பது இங்கு நம் கருத்தன்று. அவர் தந்தது மகிழ்ச்சியே, அம்மகிழ்ச்சி மெய்யானதே. ஆயின் வந்தவாறே செல்லும் இயல்பு சூதாடு களத்துப் பொருளின் இயல்பன்றோ! கோப்பை வந்த ஆண்டிலும், கடைசி இடம் வாய்த்த ஆண்டிலும், அப்பள்ளியிலே பிள்ளைகள் உண்டனர், உறங்கினர், கற்றனர். கழகத்தின் ஏற்ற இறக்கத்தால் அசையாது நின்றது பள்ளியே.

வாவிக்கரை முற்றம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் பெயர் தமிழுலகுக்குப் புதியதன்று. காரைதீவில் 1892இல் தோன்றி, 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் இளமையிற் பயின்ற இடம் அது. அங்கே கத்தோலிக்கருடன் இந்துக்களும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றனர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து இயேசு சபைத் துறவியர் சிலர் மட்டக்களப்புக்கு ஆசிரியராய் வந்தனர். மட்டக்களப்பின் வெபர் மைதானம் இன்றும் அவர்களுள் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மற்றொருவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். 1923இல் லூசியானா மாநிலத்துப் பிறந்த அவர், 1948இல், தம் இருபத்தைந்தாம் வயதளவில், இலங்கைக்கு வந்தார். மிக்கேல் கல்லூரியில் ஆசிரியரானார், கூடைப்பந்து பயிற்றினார். பின்னர்த் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் அப்பணியே செய்தார். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் தலைநகரத்துப் பள்ளிகளுக்கு ஈடுகொடுத்து நின்றமைக்கு அவர் உழைப்பு ஒரு பெருங்காரணம். மட்டக்களப்பு என்றால் கூடைப்பந்து என்னும் பெயர் எழுந்தது அதனாலேயே.

அங்கே பெருவணிகக் குழுமம் எதுவும் இல்லை. ஆட்டக்காரனை விலைக்கு வாங்குவதும் இல்லை. ஆண்டுதோறும் மூத்த மாணவர் பள்ளியை விட்டு நீங்குவர். அவர்தம் இடத்துக்குப் புதிய பிள்ளைகள் வருவர். ஆசிரியர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். தொழில்முறைக் கழகத்துக்குக் கேடாகத் தோன்றும் இச்சுழற்சியே பள்ளியணியின் உயிர். பயிற்றுநர் வெற்றியைச் சேர்த்துவைப்பதில்லை, கற்றவரைப் பெருக்குகின்றார்.

1990 ஓகஸ்ட்

1990ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தைக் கிழக்கு மாகாணத்தவர் எவரும் மறக்கவொண்ணாது. 3ஆம் நாள் காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் நூற்றுவருக்கு மேல் கொல்லப்பட்டனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் உறக்கத்திலே மடிந்தன. அதே நாள்களில், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் உயிரிழந்தனர். ஒரே மொழி பேசி, ஒரே வாவியில் மீன்பிடித்து, ஒரே வயலில் போடி என்றும் வேளாண்மைக்காரன் என்றும் கூடி உழைத்த இரு சமூகத்தவரும் ஒருவரையொருவர் அஞ்சி, வீதிகளைக் கடக்க அஞ்சிய காலம் அது.

அந்நாளில் ஹெபர்ட் அடிகளார் மட்டக்களப்பில் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் ஒன்றினை நடத்திவந்தார். சமாதானக் குழுவிலும் பணிசெய்தார். வாழைச்சேனையில் கலவரத்திடையே சிக்கிய கன்னியாஸ்திரீகளுக்கு உதவச் சென்ற அவர், ஓகஸ்ட் 15ஆம் நாள், இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார். வழி ஏறாவூர் வழி. இருவரும் மட்டக்களப்பை அடையவில்லை. அவர்களின் உடல்களும் கிடைக்கவில்லை. இந்நாட்டில் 42 ஆண்டுகள் கற்பித்த ஆசிரியருக்குக் கல்லறையும் இல்லாது போயிற்று.

எனினும், பயிற்றுநர் போனதும் அணி சிதறும் என்னும் நியதி இங்கே பொய்த்தது. அவரிடம் பயின்றோர் பிறர்க்குப் பயிற்றினர். அவரிடம் பயின்றோர் அதற்கடுத்தோர்க்குப் பயிற்றினர். போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கடந்து, மட்டக்களப்பில் கூடைப்பந்து ஒலி ஓயவில்லை. கல்விக்குரிய இயல்பு இதுவே. ஈந்தவர் மறைந்தாலும் ஈந்தது மறையாது.

நமக்குரிய பாடம்

நம் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் விளையாட்டுக் கழகங்களுக்குக் குறைவில்லை. சுற்றுப்போட்டி அறிவிக்கப்பெற்றால் கோப்பைக்கும் சீருடைக்கும் பொருளுதவி செய்யக் கடைக்காரரும் வெளிநாட்டில் உழைப்போரும் முன்வருகின்றனர். இது போற்றத்தக்கதே. ஆயின் கழகத்தை நடத்துவோர் ஒரு வினாவைத் தம்மை வினவிக்கொள்ள வேண்டும். வெளியூர் ஆட்டக்காரனை ஒருநாள் ஆட்டத்துக்கு அழைத்துவரச் செலவிடும் பணத்தில், நம் பள்ளி முற்றத்துச் சிறுவன் ஒருவனுக்கு ஓராண்டு முழுதும் பயிற்சி தரலாகாதா? மாலைவேளையில் பாடசாலைக் கதவு மூடிக்கிடக்க, கழகங்கள் மட்டும் வளர்வதால் ஆவது யாது?

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று உண்டு. நெய்ஸ்மித் விளையாட்டு வித்தகராய் மட்டும் இருந்திருப்பின் கூடைப்பந்து பிறந்திராது. தம் வகுப்பு மாணவரின் மனநிலையை உற்றுநோக்கிய ஆசிரியராய் இருந்தமையாலன்றோ பிறந்தது. விளையாட்டைப் பாடத்துக்குப் பகையென எண்ணி, பரீட்சைக் காலத்தில் மைதானத்தைப் பூட்டிவைப்போர் இதனைச் சிந்திப்பாராக. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருவர்க்கொருவர் பந்தை நம்பிக் கொடுக்கும் இடம் இன்று நம் கரையில் எத்தனை உண்டு? பந்தை ஏந்தி ஓடலாகாது என்பது கூடைப்பந்தின் அடிப்படை விதி; பிறனுக்கு ஈந்து ஆடுவதே அதன் அழகு. நம் இரு சமூகத்துப் பிள்ளைகளும் கற்கத்தக்க விதியும் அதுவே.

கழகம் என்னும் சொல்லின் இரு பொருள்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் உள்ள அச்சொல்லுக்கு எப்பொருள் பொருந்தும் என்பதை அகராதி முடிவுசெய்யாது. மாலை நான்கு மணிக்குத் திறந்திருக்கும் பள்ளிக் கதவே முடிவுசெய்யும்.