கரப்பான்: குழந்தைக்கு அரிப்பு, அம்மாவுக்குப் பழி

நாலு மாதக் குழந்தையின் கன்னத்தில் சொரசொரப்பாக ஒரு திட்டு வந்து, அதிலிருந்து நீர் கசிய ஆரம்பித்தால், நம் வீடுகளில் விசாரணை அம்மாவிடம்தான் தொடங்கும். “கத்திரிக்காய் சாப்பிட்டியா? கருவாடு தொட்டியா? எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறதை விட்டுட்டியா?” கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியலே தலைமுறைகளாக நம்மிடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் அதையெல்லாம் ஒதுக்கவேண்டும் என்பது யாரும் எதிர்த்துக் கேட்காத விதி. அவளும் ஒதுக்குகிறாள். முதலில் கத்திரிக்காய் போகும், பிறகு மீன், முட்டை, பால் என்று ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் ரசமும் சோறுமாக மெலிந்து நிற்கும் அவள் மடியில், குழந்தை அப்படியேதான் சொறிந்துகொண்டிருக்கும்.

கரப்பானை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அடக்கிவைக்க மருந்து இருக்கிறது; பல ஆண்டுகளாக இருக்கிறது, விலையும் பெரும்பாலும் கைக்கு எட்டுவதுதான். அதைத் தேவையான அளவு, தேவையான நாள் தடவவிடாமல் தடுப்பவை பயமும் பழிச்சொல்லும். இந்த இரண்டையும் வீட்டைவிட்டு வெளியேற்றாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவர்கள் எக்ஸிமா என்றும், சீட்டில் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்றும் எழுதுவது இதைத்தான். உலகின் பல நாடுகளில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு வரை இது வருகிறது. கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்புறம் என்று பரவும். ஜட்டி போடும் இடம் பெரும்பாலும் தப்பிவிடும். 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிறழ்வுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைப்பதும், ஈரம் போகாமல் பிடித்து வைப்பதும் அந்தப் புரதத்தின் வேலை. எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பிறழ்வு இருப்பதில்லை. ஆனால் கரப்பான் எதனால் வந்தாலும் அந்தத் தோல் ஓடு விலகிய கூரையைப் போன்றது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகப் போய்விடும். வெளியே இருக்கும் சோப்பு, வியர்வை உப்பு, தூசி, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி எல்லாம் உள்ளே இறங்கும். தோல் கோபித்துக்கொண்டு வீங்கும், அரிக்கும். அரித்தால் சொறிவோம், சொறிந்தால் இன்னும் பிளக்கும்.

அப்பாவுக்குச் சின்ன வயதில் வீசிங், அத்தைக்குக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் என்றால், அந்த வீட்டுக் குழந்தைக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு பக்கத்து ரத்தமும் கொடுத்த சொத்து இது. பாலூட்டும் தாய் தன் உணவை ஒதுக்குவதால் குழந்தையின் கரப்பான் தணியும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைத்ததில்லை. ஆகவே அந்தக் கத்திரிக்காயை அவள் சாப்பிடட்டும்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. பாடநூல்கள் கரப்பானைச் சிவந்த திட்டு என்கின்றன. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எடுத்துக் காட்டாது. திட்டு சாம்பல் பூத்த மாதிரியோ, கரும்பழுப்பாகவோ, ஊதா கலந்தோ தெரியும். புடைத்த சின்னச் சின்னப் பொரிகளாகவும் வரும். அதனால் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவது நடக்கிறது. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வென்டே, கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்ட 2020இல் ஒரு கையேட்டையே தன் ஆசிரியர்களோடு சேர்ந்து வெளியிட வேண்டியிருந்தது. இரண்டாவது, கரப்பான் ஆறிய இடம் சில மாதம் வெளுத்துக் கிடக்கும். உடனே “ஆயின்மென்ட் தோலை வெளுக்க வெச்சிடுச்சு” என்று ஒரு குரல், “வெண்புள்ளி நோயா இருக்குமோ” என்று இன்னொரு குரல். பெரும்பாலும் வீக்கம் அடங்கிய தோல் தன் நிறத்தைத் திரும்பப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் காலம்தான் அது. அந்த வெளுப்பைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தும் வீடுகளில் நோய் பத்து நாளில் திரும்பி வருகிறது.

குழந்தையோடு சேர்ந்து வீட்டில் மற்றவர்களும் ராத்திரியில் சொறிந்தால், குழந்தையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் இருந்தால், அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடவேண்டும். இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். தோலில் தடவும் ஹைட்ரோகார்ட்டிசோன் கரப்பானைத் தணிக்கிறது என்பதை 1952இல் அமெரிக்காவில் மரியான் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் எழுதினார்கள். அன்றுமுதல் இன்றுவரை, கொதித்துக் கிளம்பிய கரப்பானை அடக்க முதலில் எடுக்கும் மருந்து ஸ்டீராய்டு களிம்புதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் நடுங்குவது நம் ஊரில் மட்டுமில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 200 நோயாளிகளிடமும் பெற்றோரிடமும் கேட்டு 2000இல் வெளியிட்ட ஆய்வில், 72.5% பேர் அந்தக் களிம்பை நினைத்துக் கவலைப்பட்டார்கள். 24% பேர் அந்தக் கவலையாலேயே சொன்னபடி தடவவில்லை. விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடுகளவு எடுத்து, பட்டும்படாமல் தடவி, இரண்டாம் நாள் கொஞ்சம் தணிந்ததும் நிறுத்துவது. வாரக் கடைசியில் மறுபடி பொங்கியதும் “இந்த மருந்து நிறுத்தினா திரும்ப வருது” என்று முடிவுகட்டுவது. அடுப்பில் நெருப்பு அணையும் முன்னே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். குறை தண்ணீரில் இல்லை.

அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ட்யூபிலிருந்து பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களோடு சேர்த்து, அது போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ஒரு கை முழுக்கக் கரப்பான் என்றால் அந்தக் கைக்கு ஒரு விரல் நுனி அளவு, ஒரு காலுக்கு ஒன்றரை. மருத்துவர் முகத்துக்கு மென்மையானதையும் உடம்புக்கு வேண்டுமானால் சற்று வீரியமானதையும் தனித்தனியே எழுதித் தருவார். இரண்டையும் மாற்றித் தடவிவிடாமல் ட்யூபின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளலாம். தடவிப் பார்க்கும்போது தோல் மழமழவென்று ஆகும்வரை தினமும் தடவவேண்டும், கண்ணுக்கு நிறம் மங்குவதை வைத்து நிறுத்தக்கூடாது. அடிக்கடி திரும்பும் இடத்துக்கு, அடங்கிய பிறகும் வாரம் இரண்டு நாள் தடவச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மொத்தத்தில் செலவாகும் மருந்தும் குறையலாம்.

பயப்படவேண்டிய ஸ்டீராய்டு வேறு இடத்தில் இருக்கிறது: சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பில். படைக்கும் இதுதான், அரிப்புக்கும் இதுதான், குழந்தைக்கும் இதுதான் என்று நீட்டப்படும் அந்த ட்யூபில் ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக், கூடவே குளோபெட்டசால் மாதிரி மிக வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் கரப்பான் மறைந்துவிடும். வாங்கிக் கொடுத்தவருக்கும் நல்ல பெயர். மாதக்கணக்கில் ஜட்டிக்கு அடியில் இதைப் பூசிய கைக்குழந்தைகளுக்கு மருந்து ரத்தத்தில் கலந்து, முகம் உப்பி, வளர்ச்சி நின்ற கதைகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முகம் உப்பியதைப் பார்த்து, பிள்ளை நன்றாகச் சதை போட்டிருக்கிறது என்று வீடு மகிழ்ந்துகொண்டிருக்கும் என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்குவது. தோல் மருத்துவர்கள் சங்கம் விடாமல் வலியுறுத்தியதன் பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது. பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் ‘பச்சிலை’ களிம்பும் இரண்டு நாளில் மாயம் செய்தால் சந்தேகப்படவேண்டும். லண்டனில் சீன மூலிகைக் களிம்பு என்று விற்கப்பட்ட 11 மாதிரிகளைச் சோதித்தபோது 8இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாக 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது.

களிம்பு வீக்கத்தை அடக்கும். தோல் வறளாமல் காப்பது மாய்ஸ்சரைசரின் வேலை. ஐரோப்பிய வழிகாட்டி சின்னக் குழந்தைக்கு வாரம் 150 முதல் 200 கிராம் என்கிறது. நாம் வாங்கும் 50 கிராம் ட்யூபை மாதக் கடைசிவரை ஓட்டுவதோடு இதை வைத்துப் பாருங்கள். எந்தப் பிராண்டு நல்லது என்று அலையவும் வேண்டாம். லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட இங்கிலாந்து ஆய்வு 2022இல் வெளிவந்தது. நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையும் வீடும் ஏற்றுக்கொள்வது எதுவோ, தாராளமாகத் தடவக் கட்டுப்படியாவது எதுவோ, அதுவே சிறந்தது. வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி பல குடும்பங்களுக்குப் போதும். வெயில் காலத்தில் அது வியர்வையை அடைத்து வேர்க்குரு கிளப்பினால் கிரீமுக்கு மாறிக்கொள்ளலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: ஜெல்லி ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். விளக்குக்கும் சாம்பிராணித் தணலுக்கும் பக்கத்தில் அந்தத் துணியும் குழந்தையும் வேண்டாம். புகையே கரப்பான் தோலுக்கும் இளைப்பு வரக்கூடிய மூச்சுக்குழாய்க்கும் ஆகாது.

தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பாட்டிகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலைவிடக் கரப்பானை நன்றாகவே தணித்தது. விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெயோ பெரியவர்களின் தோலில்கூட அரணைக் கெடுக்கிறது என்று ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். எண்ணெய் சரி; அதற்குப் பிறகு கடலை மாவும் பயத்தம் மாவும் போட்டுத் தேய்த்து, வெந்நீரை ஊற்றி, பவுடர் அப்புவதுதான் சரியில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் குளியல், துண்டால் ஒற்றியெடுத்து ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். குளியல் நீரில் கலக்கும் விலையுயர்ந்த எண்ணெய்களால் கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் 483 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு சொல்லிவிட்டது. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று வீட்டுக்கு சாஃப்ட்னர் மாட்ட நினைப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: 336 குழந்தைகளின் வீடுகளில் அதை மாட்டிப் பார்த்து 2011இல் வந்த முடிவு, கரப்பானில் மாற்றம் இல்லை என்பதே. அந்தப் பணத்துக்கு எத்தனை டப்பா மாய்ஸ்சரைசர் வரும்!

சாப்பாட்டில் நாம் செய்யும் தவறு ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வருகிறது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை, நாலு மாதம் முதல் பதினோரு மாதத்துக்குள், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லேக் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு நிலக்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஒதுக்கினார்கள். 2015இல் முடிவு வந்தது: ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களிடம் சுமார் 80% குறைவு. கரப்பான் பிளந்த தோல் வழியாக உணவுத் துகள் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகுகிறது, வாய் வழியாகப் போனால் உறவாகப் பழகுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். முட்டை சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு வீங்கி உடம்பு தடித்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும், சந்தேகமில்லை. கரப்பான் கடுமையாக இருந்தால் முட்டையும் கடலையும் தொடங்குமுன்னும் அவரைக் கேட்டுக்கொள்ளலாம். கடலையை முழுதாகக் கொடுக்காமல் விழுதாக அரைத்துக் கூழில் கலக்கவேண்டும். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த பதினைந்து பொருளையும் நிறுத்துவது பிள்ளையைப் பட்டினி போடுவதில்தான் முடியும்.

ராத்திரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விளக்கணைத்தபின் அரிப்பு கூடும். கையுறை போட்டாலும் கன்னத்தைத் தோளில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரவைக்கும் பிள்ளைகள் உண்டு. மயக்கம் தரும் சிரப்பு அந்த அரிப்பைப் பெரிதாகத் தணிப்பதில்லை, வெறுமனே உறங்கவைக்கிறது. கடுமையாக இருந்தால் களிம்புக்கு மேல் ஈரத்துணி சுற்றும் முறையை மருத்துவர் சொல்லித்தருவார். அதற்கும் அடங்காத மிகச் சிலருக்கு டூபிலுமாப் ஊசி ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் 2022இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. விலை சாதாரண வீட்டுக்கு எட்டாது. எந்த மருந்தோடும் சேர்த்து எழுதவேண்டிய சீட்டு ஒன்று உண்டு: ராத்திரி தடவுவது அப்பா வேலை. இரண்டு மணி அழுகைக்குப் பாட்டி ஒரு நாள், அப்பா ஒரு நாள் எழுந்தால், பகலில் அந்தத் தாய் மருந்தை மறக்கமாட்டாள். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பல பிள்ளைகளுக்குக் கரப்பான் வெகுவாக அடங்கிவிடும். அதுவரை தாங்கவேண்டியது குடும்பம் மொத்தமும்.

தடுப்பூசிகளைக் கரப்பானுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிலைமைக்கு மட்டும் தள்ளிப்போடுதலே கூடாது. உதட்டில் அக்கிக் கொப்புளம் உள்ள ஒருவர் முத்தம் கொடுத்தாலே அந்த ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பான் தோலில் காட்டுத்தீயாகப் பரவும். ஒரே அளவில், நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும், காய்ச்சல் அடிக்கும், குழந்தை பால் குடிக்காது. நம் ஊரில் இதைப் பார்த்ததும் “அம்மை போட்டிருக்கு” என்று சொல்லி, மருந்தையெல்லாம் நிறுத்தி, வேப்பிலை விரித்துப் படுக்கவைப்பார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வேண்டாம் என்பார்கள். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து, தாமதித்தால் உயிருக்கும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், அதில் யாருக்கும் குறை இல்லை. குழந்தை அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனையில் இருக்கவேண்டும், வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்கவேண்டும்.