இயேசு நாடகங்களும் முதல்நூலும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்திக் கூறும் நன்னூல். வழிநூல் செய்வோன் முதல்நூலின் முடிபோடு ஒத்து நிற்றல் வேண்டும். தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துக் கொள்ளலாம். ஆயினும் மரபு அழிதல் கூடாது. மாணவர்க்கு நாம் நாளும் கற்பிக்கும் இவ்விலக்கணம், இயேசுபிரானின் வாழ்வைக் காட்டும் தொலைக்காட்சி நாடகங்களை எடைபோடவும் துணைசெய்யும்.

ஜொகூரில் இதற்குத் தேவை உண்டு. நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரின் ஒளிபரப்பையும் நம் நாட்டு ஒளிபரப்பையும் ஒருங்கே கண்டு பழகிய வீடுகள் இங்குப் பல. இன்றோ உலக நாடகங்கள் யாவும் கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன. பல சமயப் பிள்ளைகள் அடுத்தடுத்து வாழும் ஊர்களில், விவிலியத்தைத் திறந்தே பாராத பிள்ளைக்குத் திரையில் கண்டதே விவிலியம் ஆகிவிடுகிறது. அண்டை வீட்டாரின் சமயம் பற்றி அது கொள்ளும் எண்ணமும் அதன்மேல் எழுகிறது.

இங்கு முதல்நூல் என்பன மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்தி நூல்கள். இவை தம்முள்ளும் சிறிது வேறுபடும். கோவிலில் வணிகரை விரட்டிய நிகழ்ச்சியை யோவான் தொடக்கத்தில் வைக்கிறார்; ஏனை மூவரும் இறுதி நாட்களில் வைக்கின்றனர். ஆதலின் நிகழ்ச்சிகளின் வரிசை மாறியது என்பது மட்டும் கொண்டு ஒரு நாடகத்தைப் பழித்தல் பொருந்தாது.

திரையில் வருவனவற்றை மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, வழக்கினால் வந்தவை. பிராங்கோ செபிரெல்லி இயக்கி 1977-இல் வெளிவந்த ‘நாசரேத்து இயேசு’ தொடரில் கீழ்த்திசை ஞானியர் மூவர் வருகின்றனர். மத்தேயு கூறுவன மூன்று காணிக்கைகளே. வந்தோர் எத்தனை பேர் எனக் கூறவில்லை. மகதலேனா மரியாளை அத்தொடர் விலைமகளாகக் காட்டுகிறது. ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவள் என்றே லூக்கா அவளைக் குறிக்கிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில் வரும் பெயரில்லாத பாவியாகிய பெண்ணையும் இவளையும் ஒருத்தியாக்கியது பிற்கால வழக்கு. 591-ஆம் ஆண்டளவில் போப்பாண்டவர் முதலாம் கிரகோரியார் ஆற்றிய மறையுரை அதனை நிலைநிறுத்தியது.

இரண்டாவது, முதல்நூல் வாய்திறவாத இடத்தை நிரப்புவன. 2019 முதல் வெளிவரும் ‘தி சோசன்’ தொடரில் தோமாவுக்கு ராமா என்றொரு காதலி உண்டு. நற்செய்தி நூல்களில் அவளைக் காண இயலாது. தோமாவை மயிலாப்பூரோடு இணைத்துப் போற்றும் தமிழ்க் கிறிஸ்தவர்க்கு இது வியப்பாகலாம். ஆயினும் தோமாவின் இல்வாழ்வு பற்றி முதல்நூல் ஒன்றும் கூறாமையால், இது முரண் ஆகாது, புனைவே ஆகும். மிதிலையில் இராமனும் சீதையும் வில் முறியுமுன்னரே ஒருவரையொருவர் நோக்கிய காட்சி வான்மீகத்தில் இல்லை. அதற்காகக் கம்பரை நாம் குறைகூறுவதில்லை. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரைத் தலைவராக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்தார் வீரமாமுனிவர்.

மூன்றாவதே கருதி நோக்கத்தக்கது. செபிரெல்லியின் தொடரில் சேரா என்னும் கற்பனை மறைநூலறிஞன், யூதாசை ஏமாற்றி இயேசுவைக் காட்டிக் கொடுக்கச் செய்கிறான். மத்தேயுவிலோ யூதாசு தானே சென்று எவ்வளவு தருவீர்கள் எனக் கேட்டு முப்பது வெள்ளிக்காசு பெறுகிறான். செயல் ஒன்றே, குற்றத்தின் வேர் இடம்பெயர்ந்துவிட்டது. சீடனின் பழி யூத அறிஞன் ஒருவன்மேல் ஏறுகிறது. நிக்கோதேமு போன்ற நல்ல யூதரையும் அத்தொடர் காட்டுகிறது என்பது உண்மையே. எனினும், இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பழித்த எண்ணம் பல நூற்றாண்டுக் கொடுமைகளுக்கு இடந்தந்தது. அப்பழியை எல்லா யூதர்மேலும் சுமத்தலாகாது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. ஆதலின் இத்தகைய மாற்றத்தைச் சிறிதென விடலாகாது.

இன்னொன்று. இயேசுவை ஈசா நபியாகப் போற்றும் இஸ்லாமியருள் பலர், நபிமாரை நடிகர் நடித்துக் காட்டுவதை ஏற்பதில்லை. இக்காரணத்தால் 2014-இல் ‘நோவா’ திரைப்படம் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. காட்டலாமா என்பது வேறு வினா. காட்டியது நற்செய்தியோடு ஒத்ததா என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கின் இரண்டிற்கும் விடை கிடையாது.

ஆகவே, ஒரு காட்சி பற்றி மாணவர் ஐயுற்று வினவும்போது, உண்மை என்றோ பொய் என்றோ உடனே கூறிவிடாது, “இது எந்த நூலில், எந்த அதிகாரத்தில் உள்ளது?” எனத் தேடச் செய்தல் நன்று. இல்லையெனக் கண்டால், நிரப்பியதா, மாற்றியதா என அவர்களே ஆராய்வர். வழிநூலைச் சுவைக்கவும் முதல்நூலை மதிக்கவும் ஒருசேரக் கற்பிக்கும் வழி அதுவே.