உடற்கூறும் கணிப்பொறியும்

பொன்னை வாங்குவோர் அதன் ஒளியைக் கண்ட அளவிலேயே மயங்கிவிடுவதில்லை. உரைகல்லில் உரைத்து மாற்றை அறிந்த பின்னரே விலை பேசுவர். கல்விக்கெனச் செய்யப்படும் கருவிகளுக்கும் இம்முறை பொருந்தும். புதியது என்பதனாலேயே ஒரு கருவி சிறந்ததாகிவிடாது. பழையது என்பதனாலேயே தள்ளத்தக்கதும் ஆகாது. அதனைக் கொண்டு கற்போரே அதற்கு உரைகல் ஆவர். மருத்துவ மாணவர்க்கு உடற்கூறு கற்பிக்கும் கணிப்பொறி மென்பொருள்கள் ஆராயப்பட்ட முறை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

உடலின் உறுப்புகள் யாவை, அவை எங்கெங்கு அமைந்துள்ளன, ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்பவற்றைக் கூறும் கலையே உடற்கூற்றியல். இதனைப் பிழையறக் கல்லாதவர் அறுவை மருத்துவம் செய்யப் புகுதல் பெருந்தீங்காய் முடியும். செவியை எடுத்துக்கொள்வோம். முகத்தசைகளை இயக்கும் நரம்பு நடுச்செவியின் சுவரை ஒட்டியே செல்கிறது. செவியில் அறுவை செய்யும் மருத்துவரின் கை சிறிதே பிறழ்ந்து அந்நரம்பு அறுபடுமாயின், நோயாளியின் முகத்தில் ஒரு பாதி செயலற்றுப் போகும். ஆதலின், உறுப்புகளின் இருப்பிடத்தை ஐயமின்றி அறிதல் மருத்துவர்க்கு இன்றியமையாதது.

பண்டைக் காலத்தில் இவ்வறிவு எளிதிற் கிட்டவில்லை. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் மருத்துவர் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்து ஆராய்ந்து, அவற்றிற் கண்டவற்றை மனிதர்க்கும் உரியனவாக எழுதினார். மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கூற்று. ஐரோப்பிய ஆசிரியர் பலர் அதனைப் பல நூற்றாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தனர். பதுவா நகரில் ஆசிரியராயிருந்த வெசேலியசு என்பார் மனித உடலைத் தாமே அறுத்துப் பார்த்து, அது ஒரே எலும்பு என்று கண்டார். 1543ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்டார். அன்று முதல் உயிர் நீத்தோர் உடலே உடற்கூறு மாணவரின் முதன்மைப் பாடநூலாய் விளங்கி வருகிறது.

கணிப்பொறி தோன்றிய பின் மற்றொரு வழியும் திறந்தது. அமெரிக்க நாட்டுத் தேசிய மருத்துவ நூலகத்தின் முயற்சியால், இறந்த ஆடவர் ஒருவரின் உடல் உறையவைக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டர் அளவு படலம் படலமாகச் சீவப்பட்டது. ஒவ்வொரு படலம் நீங்கியபோதும் எஞ்சிய பரப்பு படமெடுக்கப்பட்டது. இவ்வாறு எடுத்த 1,871 படங்கள் 1994ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. மறு ஆண்டில் ஒரு பெண்ணுடலின் படங்கள் இன்னும் நுண்ணிய அளவில் வெளிவந்தன. இத்தகைய படங்களை அடுக்கிச் சேர்த்து, திரையில் உறுப்புகளைச் சுழற்றியும் பிரித்தும் காட்டும் மென்பொருள்களை அறிஞர் பலர் ஆக்கினர். ஆனால் அவற்றால் மாணவர் மெய்யாகவே மிகுதியாகக் கற்கின்றனரா என்னும் வினா எழுந்தது.

கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தார் இதற்கு விடை காண முயன்றனர். நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அவற்றுள் அங்கவடி ஓர் அரிசியினும் சிறியது. எலும்பினுள் மறைந்து கிடக்கும் இவ்வுறுப்புகளின் உருவத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்குமாறு அவர்கள் அமைத்தனர். மாணவர் 57 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். 28 பேர் அவ்வுருவத்தோடும் 29 பேர் அஃதின்றியும் ஒரே பாடத்தைக் கற்றனர். பின்னர் இரு பிரிவினர்க்கும் 15 வினாக்கள் தரப்பட்டன. உருவத்தைக் கண்டோர் சராசரியாக நூற்றுக்கு 83 மதிப்பெண்ணும், காணாதோர் 65 மதிப்பெண்ணும் பெற்றனர். இம்முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இதனைக் கேட்டோர், சுழலும் படமே எப்போதும் சிறந்தது என்று எண்ணக்கூடும். அது பொருந்தாது. அதே நாட்டு மக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிற்றெலும்புகளைக் கொண்டு முன்னரே ஆராய்ந்திருந்தனர். அவ்வெலும்புகளைப் பல கோணங்களில் காட்டுவதனால், முன்புறமும் பின்புறமும் மட்டும் காட்டுவதைவிடப் பெரும்பயன் விளையவில்லை. உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் குறைந்த மாணவர்க்குச் சுழலும் படம் இடையூறாகவும் அமைந்தது. உள்ளே சுருண்டு மறைந்த செவிக்கு ஏற்ற முறை, பரந்து வரிசையாயமைந்த மணிக்கட்டுக்கு ஏலாமை வியப்பன்று.

ஆகவே மாணவரிடம் இரு வினாக்களைக் கேட்டல் வேண்டும். கருவி எவ்வாறு இருந்தது என்பது ஒன்று. எழுத்துத் தெளிவாயிருந்ததா, எவ்விடத்தில் குழப்பம் நேர்ந்தது என்பவற்றைப் பயன்படுத்தியவரே கூறவல்லர். அவர் சொற்கேட்டே ஆக்கியோன் தன் குறையைத் திருத்திக்கொள்ள இயலும். யாது கற்றனர் என்பது மற்றொன்று. இதற்கு அவர்தம் சொல் போதாது. தேர்வே விடை கூறும். விரும்பத்தக்கது அனைத்தும் கற்பிப்பதில்லை. கற்பிப்பது அனைத்தும் முதலில் விருப்பமூட்டுவதும் இல்லை.

இன்னுமொன்று உண்டு. ஒருவரது உடலினின்று ஆக்கப்பட்ட மென்பொருள் அவ்வோர் உடலையே காட்டும். உலகிலோ உடல்கள் ஒரே வகையாயமையவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சிறிது மடக்கினால், பலர்க்குக் கையின் நடுவே மெல்லிய தசைநாண் ஒன்று புடைத்துத் தோன்றும். சிலர்க்கு அது பிறப்பிலேயே இல்லை. அதனால் அவர்க்கு யாதொரு குறையும் இல்லை. இவ்வேறுபாடுகளை மாணவர் பல உடல்களைக் கண்டே உணர்தல் கூடும். எனவே, இறந்த பின் தம் உடலைக் கல்விக்கு ஈந்தோரின் கொடை கணிப்பொறிக் காலத்திலும் மாணவர்க்குத் தேவைப்படுகிறது. மென்பொருள் அக்கொடையைக் காணுமுன் மாணவரை ஆயத்தம் செய்யும். கண்டபின் மறவாமற் காக்கும்.