ரேம் வாங்கப் போறீங்களா? ஸ்லாட்டை எண்ணாதீங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காகப் புது பிசி அசெம்பிள் பண்ணினேன். 64 ஜிபி வேணும். போர்டுல நாலு ஸ்லாட் இருக்கே, நாலு 16 ஜிபி ஸ்டிக் போட்டா முடிஞ்சதுன்னு நினைச்சேன். பெட்டியில் 6000 என்று போட்டிருந்தது. ஓடினதோ 3600-ல்! பயாஸ்ல எக்ஸ்போ ஆன் பண்ணினா பூட்டே ஆகல. அப்பா கொடுத்த காசாச்சே, பக்குனு ஆயிடுச்சு.

தப்பு ரேம்ல இல்ல, என் கணக்குல. டிடிஆர்5-ல் ஒரு சேனலில் இரண்டு ஸ்டிக் போட்டால், ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், சிக்னல் கெடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600தான். 6000 என்பது ஓவர்க்ளாக்.

அதனால் நீங்க வாங்கும்போது:

• 64 ஜிபி வேணும்னா 32 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே கிட்டாக வாங்குங்க. பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசர் பக்கமிருந்து 2, 4-ஆம் ஸ்லாட்டில் போடணும்.
• போர்டு கம்பெனி தளத்தில் க்யூவிஎல் பட்டியல் இருக்கும். உங்க ரேம் அதுல இருக்கான்னு பாருங்க.
• டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 உட்காரவே உட்காராது, வெட்டு இடமே வேற.
• சிஎல் எண்ணையும் பாருங்க. 6000-ல் சிஎல்30 என்றால் தாமதம் 10 நானோ செகண்ட், சிஎல்40 என்றால் 13.3.

நானா? நாலையும் 3600-லேயே ஓட்டுறேன். டேட்டா ரேம்ல அடங்காம எஸ்எஸ்டிக்குப் போனா இதைவிட ரொம்ப ஸ்லோ. முதல்ல கொள்ளளவு, அப்புறம்தான் வேகம். ஆனா, இரண்டும் சேர்ந்து கிடைக்கிற வழி இரண்டே ஸ்டிக்தான்!